நரிக்குழாய்க்கு முன்னால்

கார் என்று ஒரு வார்த்தை ஓர்ட்வின் தேலனின் காதில் விழுந்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு அன்றைய பொழுது போயிற்று. ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மின்சாரக் காருக்கு எதற்கு இத்தனை கியர் என்று மேலிடத்துக்கு ஞானோதயம் வந்த வருஷம் அவருடைய பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் மனிதருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மோட்டார் சங்கத்தின் மாத இதழில் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாதம் தவறாமல் புதுக் கார்களையும் அவற்றைச் செய்பவர்களையும் திட்டித் தீர்த்தார். ஞாயிறு வந்தால் ரிங்குக்குக் கிளம்பிவிடுவார்.

நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயத் தடத்தின் பழைய வளையத்துக்கு அந்தப் பக்கத்தில் ரிங் என்றுதான் பெயர். ஐஃபல் மலைக்காட்டுக்குள் இருபது கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாட்களில் சீட்டு வாங்கிய எவரும் சொந்தக் காரை உள்ளே விடலாம். பல் டாக்டரும் வருவார், பேக்கரிக்காரரும் வருவார். ஓர்ட்வினிடம் இருப்பது இருபத்தொன்பது வருஷப் பழைய சின்னச் சிவப்புக் கார். எண்ணூற்றைம்பது கிலோ. உள்ளே திரை கிடையாது, வழி சொல்லும் குரல் கிடையாது, குளிர்சாதனம்கூடக் கிடையாது. பின் இருக்கையைக் கழற்றிய இடத்தில் ரிங்குக்கென்றே வைத்திருக்கும் நாலு சக்கரங்களை அடுக்கிக்கொண்டு வருவார். வாகன நிறுத்தத்தில் ஜாக்கி போட்டு, வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டுவார்.

மாட்டுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஜாக்கியில் நிற்கும்போது போல்ட்டுகளைக் கையால் முறுக்கி வைக்க வேண்டும். காரைக் கீழே இறக்கியபின் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். போதுமான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். சக்கரத்துக்கு நாலு, மொத்தம் பதினாறு டக். ஒவ்வொரு ஏப்ரலிலும் சங்கத்தில் சேரும் புது ஆட்களை நிற்கவைத்து இதைத்தான் ஓதுவார். பதினாறு கேட்டு முடியும்வரை வாயைத் திறக்காதே, பெண்டாட்டி கூப்பிட்டாலும் திரும்பாதே. போன வருஷம் ஒரு இளைஞன் எண்ணிக்கையின் நடுவில் போனை எடுத்தான் என்பதற்காக அவனை அன்று முழுக்க உள்ளே விடாமல் உட்காரவைத்தவர் இவர்.

மே மாதம், பத்தரை மணி, நல்ல வெயில். ஓர்ட்வின் பன்னிரண்டாவது டக்கை முடித்துவிட்டுப் பின்பக்க இடது சக்கரத்துக்கு நகரும்போது அவருடைய மகள் இம்கே வந்து இறங்கினாள். மூன்று வருஷமாக ரிங் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். இருபத்தேழு வயது, ஒரு பெரிய கார் நிறுவனத்தில் பிரேக்குக்கான மென்பொருள் எழுதுகிறாள். வந்ததும் நிறுவனத்து மின்சாரக் காரில். அவள் கையில் சங்கத்து இதழ் சுருட்டியபடி இருந்தது.

“அம்மா அனுப்பிச்சாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆஸ்பரகஸாம். ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம ஒண்ணா வந்து சேரணுமாம்” என்றாள்.

ஓர்ட்வின் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். எண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறு என்று அர்த்தம். முட்டி போட்டு, ரென்ச்சை முதல் போல்ட்டில் பொருத்தினார்.

இம்கே பொறுக்கவில்லை. இதழைப் பிரித்து உரக்கப் படித்தாள். “‘வாழ்நாளில் ஒரு தடவைகூட நகத்தில் கிரீஸ் படாத குழந்தைகள் இன்று நமக்குப் பிரேக் எழுதித் தருகிறார்கள். அந்தக் காரை நாம் ஓட்டுவதில்லை, அது நம்மைப் பொறுத்துக்கொள்கிறது.’ நல்லாத்தான் எழுதற. இந்தக் குழந்தை யாருப்பா? நான்தானே?”

“பேர் எதுவும் போடலையே” என்றார் ஓர்ட்வின், தரையைப் பார்த்தபடி.

“போடணுமா? சங்கத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் உன் பொண்ணு என்ன வேலை பார்க்கறான்னு தெரியும்.”

“பொதுவா எழுதினேன்டீ. பாரு, உக்கார்ற சீட்டைச் சூடாக்க மாசச் சந்தா கேக்கறாங்க. காத்து வர்ற ஓட்டையைத் திருப்பத் திரையில நாலு பக்கம் தள்ளணும். வேகம் ரெண்டு கிலோமீட்டர் கூடினா பீப்பு. கோட்டை மிதிச்சா பீப்பு. கொட்டாவி விட்டா காபி குடின்னு படம் போடுது. இதெல்லாம் காரா? மாமியார் வீடு.”

“அந்தப் பீப்பு சத்தத்தால உயிர் பிழைச்சவங்க இருக்காங்கப்பா. குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தா உன் காலுக்கு முன்னாடி என் புரோகிராம் பிரேக் போடும்.”

“ரெண்டு டன் எடையை முதல்ல நீங்களே ஏத்தி வெச்சுட்டு, அப்புறம் அதை நிறுத்தறதுக்கு புரோகிராம் எழுதறீங்க. எடையைக் குறைங்கன்னா ஒருத்தனுக்கும் காது கேக்காது.”

“ஏத்தினது யாரு? உன் வயசுக்காரங்கதான். இடுப்பு வலிக்குது, உயரமான சீட்டு வேணும்னு ஜீப்பு ஜீப்பா வாங்கறீங்க. அப்புறம் ஒண்ணு சொல்லட்டுமா? புகைச் சோதனையில பொய் சொன்னது என் வயசுப் பசங்களா? கிரீஸ் கையோட இருந்த உங்க பெரிய மனுஷங்கதான். எங்க தலையில கட்டிட்டுப் போனதே நம்பிக்கை போன ஒரு தொழிலைத்தான்.”

இதற்கு மேல் முட்டி போட்டு இருக்க ஓர்ட்வினால் முடியவில்லை. எழுந்துவிட்டார். ரென்ச்சைப் பிடித்த கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தொழிற்சாலையில் தம்மோடு இருந்த நானூறு பேரில் ஒருவன்கூடப் பொய் சொன்னதில்லை என்றார். மேசைக்குப் பின்னால் டை கட்டி உட்கார்ந்தவர்கள் செய்ததை எங்கள் மேல் பூசாதே என்றார். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதை அவர் கொஞ்சம் ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குரல் இன்னும் ஏறியது.

“நீ ஓட்டறது காரே இல்ல. கண்ணாடிக்குள்ள படம் பார்க்கற. எனக்கு எல்லாம் தெரியும்னு வந்து நிக்கறியே, இதுல ஒரு சுத்து போய்ட்டு வா பார்ப்போம். நரிக்குழாய்ல இறங்கும்போது உன் கால் தானா ஆக்சிலேட்டரை விடும். அப்பத் தெரியும் யாரு ஓட்டறாங்கன்னு.”

நரிக்குழாய் என்பது ரிங்கின் ஆறாவது கிலோமீட்டரில் வரும் இறக்கம். மரங்களுக்கு நடுவே கார் கிணற்றில் விழுவதுபோல் இறங்கி, அடியில் ஒரு குத்து குத்திவிட்டு, அதே வேகத்தில் மேலே ஏறும். துணிந்தவர்கள் அங்கே காலை எடுப்பதில்லை. மற்றவர்கள் எடுப்பார்கள், எடுக்கவில்லை என்று காபிக்கடையில் சொல்லிக்கொள்வார்கள்.

“விடாது” என்றாள் இம்கே. “சாவியைக் குடு.”

“நானும் பக்கத்துல வரேன்.”

“வேணாம். நீ வந்தா உன் சத்தம்தான் கேக்கும், இன்ஜின் சத்தம் கேக்காது. எனக்குப் பத்தொன்பது வயசுல இதே ரிங்குல ஆறு தடவை ஓட்டியிருக்கேன், மறந்துட்டியா?”

வீராப்பில் ஓர்ட்வின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கோபத்திலும் முறை தவறவில்லை. பையில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வை, ஓடும்போது உருண்டு பெடலுக்கு அடியில் போகும் என்றார். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி மடக்கு நாற்காலியில் போட்டாள். போன், பர்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே. கார் கிளம்பியது. வரிசையில் நின்றது, தடுப்புக்கம்பி உயர்ந்தது, சிவப்பு நிறம் மரங்களுக்குள் போய் மறைந்தது. நுழைவாயில் கடிகாரத்தில் 10:41.

ஓர்ட்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசி வார்த்தை தம்முடையது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அடுத்த மாதக் கட்டுரைக்கு முதல் வாக்கியம்கூட மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வண்டியிலிருந்து கிஸ்பெர்ட் வந்தார். சங்கத்துப் பொருளாளர், ஓர்ட்வினின் இருபது வருஷ நண்பர். “யோவ், உன் டார்க் ரென்ச்சைக் கொஞ்சம் குடு. என்னுதை வீட்டுல விட்டுட்டேன்.”

“இந்தா. எண்ணி இறுக்கு. பதினா...”

வார்த்தை பாதியில் நின்றது. ரென்ச் இருவர் கையிலும் இருந்தது, ஓர்ட்வின் விடவில்லை.

பன்னிரண்டு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் விரலைத் தூக்கிக் காட்டியதும் ஞாபகம் இருந்தது. முட்டி போட்டதும், ரென்ச்சைப் பொருத்தியதும். பதின்மூன்று? கேட்டதா? கேட்டிருக்கும். கை தானாகச் செய்திருக்கும், முப்பது வருஷப் பழக்கம். இல்லை, அப்போது அவள் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்த பிறகு? ஒவ்வொரு போல்ட்டையும் மனதில் தொட்டுப் பார்த்தார். எந்த போல்ட்டைத் தொட்டாலும் அங்கே டக் இல்லை, தம்முடைய குரல்தான் இருந்தது.

“கிஸ்பெர்ட், நீ அங்கதானே நின்னே. பின்னாடி இடது சக்கரத்தை நான் இறுக்கினேனா?”

“நீ எங்கய்யா இறுக்கினே? டிராபிக் போலீஸ் மாதிரி ரென்ச்சைத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டு இருந்தே. ஊரே பார்த்துச்சு. ஏன்?”

“ஒண்ணுமில்ல” என்றார் ஓர்ட்வின், ரென்ச்சை விட்டுவிட்டு.

ஒண்ணுமில்ல என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வாயிலிருந்து திரும்பப் பிடுங்க முடிந்தால் மிச்ச வாழ்நாள் முழுக்க ஊமையாக இருக்கவும் அவர் சம்மதித்திருப்பார். ஆனால் சொன்ன அந்தக் கணத்தில் அது சுலபமாகத்தான் வந்தது.

ஜாக்கெட்டைப் பார்த்தார். தம் போனை எடுத்து இம்கேயைக் கூப்பிட்டார். நாற்காலியின் முதுகிலிருந்து மணி அடித்தது. தாமே எடுத்து வைக்கச் சொன்னது. அடித்து ஓயும்வரை அதைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் மனது வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. கையால் முறுக்கினதும் இறுக்கம்தானே, ஒரு சுற்றுக்குத் தாங்காதா? மூன்று வருஷம் ஓட்டாதவள், மெதுவாகத்தான் போவாள். இப்போது போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவருக்குத் தெரியும். ரிங் முழுக்க மஞ்சள் விளக்கு எரியும், கம்பி இறங்கும், நல்ல வெயிலுள்ள ஞாயிற்றுக்கிழமை இருநூறு வண்டி வெளியே நிற்கும். ஏன் மூடினார்கள்? தேலன் சக்கரத்தை இறுக்கவில்லை. எந்தத் தேலன்? ஏப்ரலில் பாடம் எடுப்பாரே, அவர்தான்.

நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை. ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கிஸ்பெர்ட் கேட்பார். கழிப்பறைக்குப் போகிறவர்போல, கைகளை வீசாமல், நுழைவாயில் பக்கத்துத் தகவல் அறைக்கு நடந்தார். உள்ளே ரோஸ்விதா இருந்தாள். பதினைந்து வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள், ஓர்ட்வினைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உள்ளவள். ஜன்னலுக்கு முன்னால் இரண்டு டச்சுக்காரர்கள் சீட்டு மாலைவரை செல்லுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓர்ட்வின் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவருக்கே அது விளங்கவில்லை. ஆள் முன்னால் நின்றால் பின்னால் நிற்பது என்பது பிறந்ததிலிருந்து காலில் ஊறிய பழக்கம். தபால் நிலையத்தில் நிற்பதுபோல் நின்றார். முன்னால் நின்றவரின் கழுத்தில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு மேலே கடிகாரம் 10:43 காட்டியது. 10:44 காட்டியது. பழகாத கை, மூன்று நிமிஷத்தில் நரிக்குழாய். அந்தக் கணக்கும் அவருக்குத் தெரியும். ரிங்கின் எந்த வளைவு எந்த நிமிஷத்தில் வரும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

டச்சுக்காரர்களில் ஒருவர், “அப்ப மழை பெஞ்சா?” என்று கேட்டார்.

“மூடுங்க!” என்று ஓர்ட்வின் கத்தினார். குரல் அவருடையதுபோலவே இல்லை. “ரோஸ்விதா, ரிங்கை மூடுங்க! என் பொண்ணு உள்ள இருக்கா. பின்னாடி இடது சக்கரம் இறுக்கல. நான் இறுக்கல.”

ரோஸ்விதா ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கை முதலில் வயர்லெஸ்ஸுக்குப் போனது. “என்ன கார்?” என்றது அப்புறம்தான். சிவப்பு, சின்னது, அஆர்வைலர் மாவட்டப் பதிவு எண் என்றார். எப்போது உள்ளே போனது? பத்து நாற்பத்தொண்ணு. அவள் ஒரு தாளில் அதை எழுதினாள். அதற்குக் கீழே, சொன்ன நேரம் என்று போட்டு 10:45 என்று எழுதினாள். அவளுக்கு அது வேலை. தடுப்புக்கம்பி கீழே இறங்கியது. மஞ்சள் விளக்குகள் எரிந்தன. ஒரு ரோந்து வண்டி சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

இனிச் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. ஓர்ட்வின் ஜன்னலுக்கும் தடுப்புக்கம்பிக்கும் நடுவே நடந்தார். பன்னிரண்டு அடி போக, பன்னிரண்டு அடி வர. உள்ளே இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக மெதுவாக வெளியே வந்தன. வெள்ளை, நீலம், இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மஞ்சள். ஒவ்வொரு தடவையும் மரங்களுக்கிடையில் ஏதாவது நிறம் தெரிந்தால் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிவப்பு ஒன்று வந்தது. பெரிய கார், வேறு யாரோ. அதை ஓட்டி வந்தவனை அவர் வெறுத்தார், காரணமே இல்லாமல்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்கள். “காலங்கார்த்தாலயே மூடிட்டாங்கப்பா” என்றான் ஒருவன். “எந்த மடையனோ சக்கரத்தை முறுக்காம விட்டுட்டானாம்.”

“நான்தான் அந்த மடையன்” என்றார் ஓர்ட்வின். அவன் ஏதோ சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கிஸ்பெர்ட் எங்கிருந்தோ வந்து அவர் தோளில் கை வைத்தார். ரென்ச் இன்னும் கிஸ்பெர்ட்டின் கையில்தான் இருந்தது. அதைக் கண்டதும் ஓர்ட்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் வயர்லெஸ் கரகரத்தது. ரோஸ்விதா ஜன்னலைத் தள்ளி வெளியே எட்டிப் பார்த்தாள். “ஓர்ட்வின்! அடெனாவ் காட்டுக்கிட்ட, வலது ஓரமா நிக்குது. பொண்ணு தடுப்பு வேலிக்குப் பின்னால பத்திரமா இருக்கா. ஒரு கீறல் இல்லையாம்.”

 ஓர்ட்வின் தடுப்புக்கம்பிக்குப் பக்கத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார். அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் வரவில்லை. அடெனாவ் காடு என்றால் எங்கே என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரிக்குழாயில் இறங்கி ஏறி முடித்த இடம்.

இருபது நிமிஷத்தில் இழுவை லாரி வந்தது. முதுகில் சிவப்புக் கார், பின்பக்க இடது சக்கரம் கோணலாக. இம்கே ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தாள். ஓர்ட்வின் எழுந்து இரண்டடி போய் நின்றுவிட்டார். கட்டிக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளாக வந்து கட்டிக்கொண்டாள்.

“ஒரு போல்ட்டைக் காணோம்” என்றாள் அவர் தோளில். “மத்த ரெண்டும் விரலால திருகினாலே கழண்டு வந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பிடிச்சுட்டு இருந்துச்சுப்பா.”

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“நரிக்குழாய்ல இறங்கும்போதே பின்னாடி ஒரு ஆட்டம் இருந்துச்சு. பழைய கார்தானே, இப்படித்தான் ஆடும்போலன்னு நெனச்சேன். காலை எடுத்துடலாம்னுதான் பார்த்தேன்.” அவர் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். “நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. எடுக்கல. நூத்தி அறுபதுல அடியில போய் குத்துச்சு. மேல ஏறினதும் கடகடன்னு சத்தம். அப்பதான் பயந்துபோய் ஓரங்கட்டினேன்.”

ஓர்ட்வின் லாரி மேலிருந்த சக்கரத்தைப் பார்த்தார். நூற்று அறுபதில், ஒரே ஒரு போல்ட்டில், தம் பெண். காலை எடுக்காமல், தம் வாயால்.

ரோஸ்விதா அறையை விட்டு வெளியே வந்திருந்தாள். நல்ல மனுஷி, நல்லதைத்தான் சொல்ல நினைத்தாள். “உங்கப்பாவைத் திட்டாதேம்மா. வந்து கத்தின கத்தல்ல எனக்கே உதறிப்போச்சு. ஞாபகம் வந்த உடனே ஓடி வந்து சொல்லிட்டாரு. எத்தனை பேரு வெட்கப்பட்டுக்கிட்டு மூடி மறைச்சிருப்பாங்க தெரியுமா?”

கிஸ்பெர்ட் தலையாட்டினார். கிஸ்பெர்ட்டுக்கு என்ன தெரியும்? ஒண்ணுமில்ல என்று தம்மிடம் சொன்னதை அவர் அதற்குள் மறந்திருந்தார், அல்லது நண்பனுக்காக மறந்துவிட்டார். இம்கே அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். “தாங்க்ஸ்ப்பா” என்றாள்.

அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மத்தியானம் ஆஸ்பரகஸ் சாப்பிட்டிருப்பார்கள். வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதை அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும். வாழ்க்கையிலேயே வாயை மூடிக்கொள்வது ஓர்ட்வினுக்கு லாபமாக இருந்த ஒரே நேரம் அதுதான்.

“உடனே ஓடி வரல” என்றார்.

“என்ன?”

“நீ போன ஒரு நிமிஷத்துல ஞாபகம் வந்துடுச்சு. கிஸ்பெர்ட்டைக் கேட்டேன், அவரும் இல்லைன்னுட்டாரு. அப்புறமும் நின்னேன்.”

இம்கே கையை விடவில்லை. ஆனால் அழுத்தம் போயிற்று. “ஒரு நிமிஷத்துலயா? அப்ப நரிக்குழாய்க்கு முன்னாடியே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“முன்னாடியே.”

“ரெண்டு நிமிஷம் முன்னாடி.”

“அந்த ரெண்டு நிமிஷம் என்னப்பா பண்ணின?”

ரோஸ்விதா மெல்ல நகர்ந்து உள்ளே போய்விட்டாள். கிஸ்பெர்ட் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லாரியைப் பார்த்தார். ஓர்ட்வின் பதில் தேடினார். கட்டுரையில் எழுதுவதற்கு எப்போதும் நூறு வார்த்தை கிடைக்கும். இப்போது ஒன்றுதான் கிடைத்தது, அது நிஜமாக இருந்தது.

“நடந்து போனேன். அப்புறம் வரிசையில நின்னேன். முன்னாடி ரெண்டு பேரு இருந்தாங்க.”

இம்கே அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாக இருந்திருந்தால் அவருக்குத் தேவலை. அவளைத் தொட்டில் நாளிலிருந்து பார்க்கிறார், இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற முகம்.

“சங்கத்துல எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மடக்கு நாற்காலிக்குப் போய் ஜாக்கெட்டை மாட்டினாள். ஜாக்கெட்டின் கைக்குள் கை நுழையாமல் இரண்டு தடவை தடுமாறினாள், ஓர்ட்வின் உதவப் போகவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். அதில் அவருடைய ஒரு தவறிய அழைப்பு இருந்தது. நேரத்தைப் பார்த்தாள், 10:42. 

“அம்மா காத்துட்டிருப்பாங்க” என்றாள். “நான் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நீயே கூப்பிட்டுச் சொல்லு. இப்பவே. என் முன்னாடி. கட்டுரை மாதிரி வேணாம், நடந்ததை மட்டும்.”

ஓர்ட்வின் மனைவியைக் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் அல்முட் எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. “கிளம்பிட்டீங்களா? உருளைக்கிழங்கு வெந்தாச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா இல்லையா?” என்றாள்.

“அல்முட், அடுப்பை அணைச்சிடு” என்றார் ஓர்ட்வின். “இம்கே நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல, இங்கதான் நிக்கறா. முதல்ல அதைக் கேட்டுக்கோ. அவ என் காரை ஓட்டிட்டுப் போனா. நான் ஒரு சக்கரத்தை இறுக்கல. பேசிட்டே இருந்தேன், மறந்துட்டேன். அவ உள்ள போனப்புறம் ஞாபகம் வந்துச்சு. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. நம்ம பொண்ணு ஆடற சக்கரத்தோட நூத்தி அறுபதுல போய்ட்டிருந்தப்ப நான் வரிசையில நின்னுட்டிருந்தேன், அல்முட். வெட்கமா இருந்துச்சுன்னு நின்னுட்டிருந்தேன்.”

மறுபக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.  ஓர்ட்வின் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். திட்டு விழட்டும் என்று காத்திருந்தார். விழவில்லை.

“அவகிட்ட போனைக் குடு” என்றாள் அல்முட்.

ஓர்ட்வின் கையை நீட்டினார். இம்கே அவர் விரல் படாமல் போனை வாங்கிக் காதில் வைத்தாள். லாரியிலிருந்து இறங்கியது முதல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், “அம்மா” என்று மட்டும் சொன்னாள்.  முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.